ஊரா, காலனியா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டேகால் டவுன் பஸ். எங்கள் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த பஸ்ஸில்தான் தொங்கும். காலேஜ் பிள்ளைகள், கீரைக்கட்டு மூட்டையோடு மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், என்னைப்போல ஒன்றிரண்டு உத்தியோகஸ்தர்கள். எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. நான் பிடித்து நின்ற சீட்டில் ஒரு பையன் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். எங்கள் கிளையில்தான் அவனுக்கு ஸ்காலர்ஷிப் கணக்கு. அவன் காலனியில் ஏப்ரல் 14 கூட்டத்தில் நான் கவிதை வாசித்தபோது மைக் செட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். அதிலிருந்து என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவான். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தான். "படிப்பா, நீ குந்து" என்றேன்.

அடுத்த ஸ்டாப்பில் மூன்று பேர் ஏறினார்கள். ஒருத்தனுக்கு என் வயசு இருக்கும், மற்ற இரண்டு பேரும் அவனைவிடச் சின்னவர்கள். பெரியவன் நேராக வந்து பையனிடம், "எழுந்திர்ரா" என்றான்.

"ஏன்னா? டிக்கெட் எடுத்திருக்கேன்."

அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எல்லோரும்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். பெண்களுக்கும் கட்டணமில்லா டிக்கெட் உண்டு. இந்தப் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. பையனை ஏற இறங்கப் பார்த்தான். பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கேட்டான்:

"எந்த ஊர்றா நீ?"

பையன் ஊர்ப் பேரைச் சொன்னான்.

"ஊரா, காலனியா?"

பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலனி" என்றான்.

அறை விழுந்தது. நோட்டு என் காலடியில் விழுந்தது. மற்ற இரண்டு பேரும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். சாதிப் பேரைச் சொல்லி ஒரு வசவு. அதை இங்கே எழுதத் தேவையில்லை, இதைப் படிக்கிற பலரும் வாங்கின வசவுதான் அது. நான் குறுக்கே கையை நீட்டினேன். ஒருத்தன் முழங்கை என் மூக்குக் கண்ணாடியில் பட்டு அது வளைந்தது. பெரியவன் என் பக்கம் திரும்பினான். கை ஓங்கியே இருந்தது.

"சாரு எந்த ஊரு?"

நான் சொன்ன பதில்: "நான் பேங்க்ல வேலை செய்றேன்."

அவன் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. ஆனால் அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. கை இறங்கியது. "நீங்க நகுந்துக்குங்க சார், உங்களுக்கு இன்னாத்துக்கு" என்றான். நான் நகர்ந்தேன்.

பையன் என்னைப் பார்த்தான்.

பிறகு ஒரு கீரைக்காரம்மாதான் சத்தம் போட்டார். "வுடுங்கடா, பச்சப் புள்ளைய. பரீச்சைக்குப் போவுது. உங்க ஊட்டுப் புள்ளையா இருந்தா அடிப்பீங்களா?" அறுபது பேர் இருந்த பஸ்ஸில் கேட்ட ஒரே குரல் அது. கண்டக்டர் படிக்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். அடுத்த நிறுத்தத்தில் பையன் இறங்கினான். விசில். பஸ் கிளம்பியது. பெரியவன் அந்த சீட்டில் உட்கார்ந்தான்.

மொத்தமும் மூன்று நிமிஷம் இருக்கும்.

தோழர்களே, என்னைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். நான் பயந்து பொய் சொல்லவில்லை. பேங்க்கில் வேலை செய்வது உண்மை. ஆனால் அந்த உண்மையை எதற்குப் பயன்படுத்தினேன்? மடிப்புக் கலையாத சட்டையும் கையில் ஒரு தோல் பையும் இருந்ததால் அவன் என்னைத் தன் ஆள் என்று நினைத்துக்கொண்டான். அவன் அப்படி நினைத்ததை நான் கலைக்கவில்லை. நான் இப்போது இருப்பது ஊர்ப்பக்கம் ஒரு வாடகை வீட்டில். அந்த வீடு கிடைக்க என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன் என்பது தனிக் கட்டுரை. மேடையில் ஏறினால் நான் தலித் கவிஞன். டவுன் பஸ்ஸில் ஏறினால் குமாஸ்தா. பத்தொன்பது வயசுப் பையன் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்ல முப்பத்து நாலு வயசு கவிஞனுக்கு வாய் வரவில்லை.

என் கோழைத்தனத்தோடு இதை முடித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல கவிதையும் கிடைக்கும். ஆனால் அந்த மூன்று நிமிஷத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை. அந்தக் கேள்வி இருந்தது, கண்டக்டர் இருந்தார், ஓடிக்கொண்டே இருந்த ஒரு பஸ் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கேள்வி. அதற்கு வயசு அதிகம். 1901-இல் ஒன்பது வயது பீமாராவ், கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, கூடவே சில பிள்ளைகளோடு ரயிலில் போகிறார். நல்ல சட்டை, நல்ல தொப்பி. ரயிலில் ஒரு பிரச்சினையும் இல்லை. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் உடையைப் பார்த்து, பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரிக்கிறார். பிறகு 'நீங்க யாரு' என்று கேட்கிறார். 'மகர்' என்று பிள்ளை சொல்கிறது. அவர் முகம் மாறிவிடுகிறது. வெளியே நிற்கிற மாட்டுவண்டிக்காரர்கள் ஒருத்தரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஒருவன் இரண்டு மடங்கு கூலிக்கு ஒத்துக்கொள்கிறான். அதற்கும் ஒரு நிபந்தனை: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் பக்கத்தில் நடந்து வருவான். இதைப் பின்னால் அண்ணலே எழுதி வைத்திருக்கிறார்.

ரயில் கேட்கவில்லை. இறங்கின இடத்தில்தான் கேட்டார்கள். பஸ்ஸும் ரயிலும் சாதி பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. காசு கொடுத்தவனுக்கு டிக்கெட், முதலில் வந்தவனுக்கு சீட்டு. தோள் தோளில் படும், வேர்வை வேர்வையில் கலக்கும். ஊருக்குள் எந்த இடத்திலும் நடக்காத இந்தச் சங்கதி டவுன் பஸ்ஸில் தினமும் நடக்கிறது. அதனால்தான் ஆதிக்கச் சாதிக்காரனுக்கு பஸ்ஸில் கை துறுதுறுக்கிறது. ஊரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பஸ்ஸில் தெரியவில்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடிக்கிறான்.

எங்கள் ஊரில் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பௌர்ணமி ராத்திரி கிரிவல ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஆந்திராக்காரர், சென்னைக்காரர், விழுப்புரத்துக்காரர் எல்லாரும் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காராத குறையாகப் போவார்கள். ஒருத்தரும் ஊரா காலனியா என்று கேட்க மாட்டார்கள். அதை அண்ணாமலையார் மகிமை என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் யார் தெருவும் தெரியாது, கேட்டு அடித்தாலும் பின்னால் நிற்க ஊர் கூட இல்லை. அவ்வளவுதான். இதே மாவட்டத்தில் தென்முடியனூர் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக 2023 ஜனவரியில் கலெக்டரும் போலீஸ் பட்டாளமும் வரவேண்டியிருந்தது. காலை எட்டேகால் பஸ்ஸில் போகிறவர்கள் பௌர்ணமிக் கூட்டம் இல்லை. அது ஊர், சக்கரத்தின் மேல் போகிற ஊர்.

பஸ்ஸில் ஏறுகிற உரிமையும் தானாக வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் பஸ் வந்த புதிதில் முதலாளிகள் பலர் நம் ஆட்களை ஏற்றவே மறுத்தார்கள். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். லைசென்ஸ் போய்விடும் என்றதும் முதலாளியின் ஆசாரம் கீழே இறங்கி வந்தது. யார் மனசும் மாறிவிடவில்லை, பயம் வந்தது. அது போதுமானதாக இருந்தது.

1955 ஜூன் 1-ஆம் தேதி தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. பொது வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. சரியாக ஆறு மாதம் கழித்து, 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுத்தர மறுத்தார். டிரைவர் போலீசைக் கூப்பிட்டான், அவர் கைதானார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸையே புறக்கணித்து, நடந்தே போய், சட்டத்தைத் தோற்கடித்தார்கள். அங்கே சட்டம் சீட்டைப் பிரித்து வைத்திருந்தது. சட்டம் தோற்றதும் சீட்டு கிடைத்தது. இங்கே அவர்களுக்கு முன்னாலேயே சட்டம் நம் பக்கம் வந்துவிட்டது. இருந்தும் பையன் அறை வாங்கி இறங்கிப் போகிறான். நம்மிடம் இருக்கிற சட்டத்தை பஸ்ஸுக்குள் ஏற்ற ஆள் இல்லை.

ஒரு அறைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். அறையில் ஆரம்பித்தவை எங்கே போய் முடிந்தன என்று பார்ப்போம்.

1995 ஜூலையில் நெல்லைப் பக்கம் வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூட மாணவர்களுக்கும் ஒரு தகராறு. அதிலிருந்து கிளம்பின நெருப்பு ஊர் ஊராகப் பரவி, ஆகஸ்ட் 31-ஆம் தேதி சுமார் 600 போலீசார் கொடியங்குளத்துக்குள் புகுந்து வீடு வீடாக நொறுக்கியதில் போய் நின்றது. மாரி செல்வராஜ் 2021-இல் எடுத்த 'கர்ணன்' படத்தில் பஸ் நிற்காத ஊரைப் பார்த்துவிட்டு 'ஒரு பஸ்ஸுக்காகவா இவ்வளவும்' என்று என்னிடம் கேட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். ஆமாம், பஸ்ஸுக்காகத்தான்.

1997-இல் விருதுநகரில் ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அதுவரைக்கும் எத்தனையோ தலைவர்கள் பெயர் எழுதின பஸ்களில் எல்லாரும் ஏறி இறங்கினார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதின பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். பஸ்கள் உடைந்தன, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? கலவரக்காரர்களைப் பார்த்து 'இஷ்டமில்லாவிட்டால் நடந்து போங்கள்' என்று சொல்லவில்லை. எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. எங்கள் மாவட்டத்தின் பெயரிலிருந்த சம்புவராயரும் அப்போதுதான் காணாமல் போனார். ஒரு பெயரைச் சகிக்க முடியாதவர்களுக்காக அத்தனை பெயரையும் அழித்துவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பேர் வைத்தார்கள்.

அதே வருஷம் ஜூன் 30. மேலூர் பக்கம் மேலவளவு. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. நிற்க விடாமல் மிரட்டினார்கள், வீடுகளை எரித்தார்கள், வாக்குச்சாவடியில் புகுந்தார்கள். அதையும் மீறி முருகேசன் ஜெயித்தார். ஜெயித்தவர் மதுரைக்கு கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஊரை நெருங்கும்போது பஸ்ஸை நிறுத்தினார்கள். முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போய் கிணற்றில் போட்டார்கள். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றமும் 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2008-இல் மூன்று பேரையும் 2019 நவம்பரில் பதின்மூன்று பேரையும் அரசே முன்கூட்டி விடுதலை செய்தது.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினோராம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் பரீட்சை எழுத பஸ்ஸில் போகிறான். வழிமறித்து, இழுத்துப்போட்டு, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று செய்தி வந்தது.

மேலவளவிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் பஸ் நின்றது. நிறுத்தியவர்கள் கொல்ல வந்தவர்கள், வெட்ட வந்தவர்கள். எங்கள் பஸ்ஸில் நிறுத்தியிருக்க வேண்டியவர் நிறுத்தவில்லை. நம் ஊர் பஸ்ஸை நிறுத்துகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பஸ்ஸை எப்படி நிறுத்துவது என்று தெரியாதவர்கள் இல்லை நம் ஜனங்கள். பஸ்ஸில் ஒரு பர்ஸ் காணாமல் போகட்டும், ஒரு அம்மா கழுத்துச் சங்கிலி அறுபடட்டும். என்ன நடக்கும்? "கதவ சாத்து, ஒருத்தரையும் இறக்காத, ஸ்டேஷனுக்கு விடுப்பா வண்டிய" என்று நாலாப் பக்கமும் குரல் வரும். கண்டக்டர் விசில் அடிப்பார். அறுபது பேரையும் சுமந்துகொண்டு பஸ் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கும். ஆபீசுக்கு லேட்டானாலும் ஒருத்தரும் முனக மாட்டார்கள். நானே அப்படி இரண்டு தடவை ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன்.

பர்ஸ் போனால் ஸ்டேஷனுக்குப் போகிற பஸ், பையன் கன்னத்தில் அறை விழுந்தால் அடுத்த ஸ்டாப்புக்குப் போகிறது. அந்தக் கூட்டத்துக்கு தைரியம் இல்லாமல் இல்லை. திருட்டைக் குற்றம் என்று நினைக்கிறது, இதை நினைக்கவில்லை. 'அவங்களுக்குள்ள ஏதோ' என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. சங்கிலித் திருடனுக்குப் பொருந்துகிற வழக்கம் சாதி வெறியனுக்கும் பொருந்த வேண்டும். பஸ்ஸுக்குள் சாதி சொல்லி அடித்தால், இழுத்தால், எழுப்பினால், வண்டி நேராக ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இதை உத்தரவாகவே போடச் சொல்லி போக்குவரத்து நிர்வாகத்திடம் கேட்போம். ஒவ்வொரு டிப்போவுக்கும் மனு கொடுப்போம். செய்யாத கண்டக்டர் மேல் துறை நடவடிக்கை என்று அதில் எழுதட்டும். சௌந்தரபாண்டியன் லைசென்ஸைக் காட்டினார், நாம் இதைக் காட்டுவோம்.

மாணவத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொது வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அந்தச் சட்டத்திலேயே குற்றம். பொதுமக்கள் பார்வையில் சாதிப் பேர் சொல்லித் திட்டுவது தனிக் குற்றம், இழிவுபடுத்துகிற நோக்கத்தோடு அவமதிப்பது இன்னொரு குற்றம். டவுன் பஸ்ஸைவிடப் பொதுமக்கள் பார்வை வேறெங்கே இருக்கிறது? முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன்னால் 'விசாரிச்சிட்டுச் சொல்றோம்' என்று ஸ்டேஷனில் இழுக்கக் கூடாது, 2018 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. விசாரணையை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர் செய்ய வேண்டும். சாட்சிக்கும் பாதுகாப்பு உண்டு. முக்கியமாக, டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். மெஷினில் வருகிற டிக்கெட்டில் தேதியும் நேரமும் ஏறின நிறுத்தமும் அச்சாகி இருக்கிறது. நீங்கள் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

என் டிக்கெட்டை நான் எறியவில்லை. அன்று சாயந்திரமே சட்டைப் பையிலிருந்து எடுத்து டைரியில் வைத்தேன். வளைந்த கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டேன். பையனைத் தேடிப் போகத்தான் கால் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவனே வந்தான். பாஸ்புக்கில் வரவு போட. கவுண்டரில் என் முன்னால் நின்று புத்தகத்தை நீட்டினான். போட்டுக் கொடுத்தேன். "பரீட்சை என்னாச்சி?" என்றேன்.

"அடுத்த பஸ் புடிச்சிப் போயி எழுதிட்டேன் சார்."

சார். அண்ணா இல்லை.

வரிசையில் அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எழுந்து வெளியே வந்தேன். வாசலில் அவனைப் பிடித்து, அந்த டிக்கெட்டைக் காட்டி, "கேஸ் குடுக்கலாம். நான் சாட்சி சொல்றேன்" என்றேன். அவன் டிக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"ஸ்டேஷன்ல உங்க ஊரைக் கேப்பாங்களே சார், சொல்லுவீங்களா?"

சொன்னேன், அவனிடம். ஊர்ப் பேரையும் சொன்னேன், காலனி என்றும் சொன்னேன். அடுத்த நாள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை இன்னும் போடவில்லை. அதற்கு அலைந்துகொண்டிருக்கிறோம். வாடகை வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார், காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

எட்டேகால் பஸ்ஸில்தான் இப்போதும் போகிறேன்.